சனிக்கிழமை இரைச்சல்

புக்கிட் மேராவில் ஒரு பெண் பெட்டியோடு சுற்றுகிறாளாம். அதை வீட்டுப் பக்கம் திருப்பினால் உள்ளே டிவி ஓடுவது திரையில் தெரிந்துவிடுமாம். டிவி லைசென்ஸ் பணம் கட்டாதவர்களைப் பிடிக்க அரசாங்கம் அனுப்பிய ஆளாம். டன்லப் தெருச் சாப்பாட்டுக் கடையில், கல்லாவில் இருந்தவர் தன் மைத்துனி சொன்னதாக இதைச் சொன்னார்.

நான் பரோட்டாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் ஆண்டெனாவைப் பிடித்துக்கொண்டு நடந்தவன் நான். அரசாங்க ஆளாக நடித்ததாக யாராவது புகார் கொடுத்தால்? என் வேலை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் வேறு. திருச்சியிலிருந்து வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. எதைக் கேட்டாலும் முதலில் அந்தச் சீட்டுத்தான் ஞாபகம் வரும்.

அவள் பெயர் உர்சுலா. ரேடியோ பழுது பார்க்கும் எங்கள் கம்பெனியில் வெளிவேலை டெக்னீஷியன். செம்பவாங்கில் பிறந்தவள். அப்பா அற்புதராஜ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தார். வெள்ளைக்காரன் தளத்தை விட்டுப் போனதும் வீட்டில் சம்பளம் நின்றது. பள்ளியை முடித்த கையோடு டிவி தொழிற்சாலையில் ஈயம் பற்றவைக்கப் போனாள். மாலை வகுப்பில் எலக்ட்ரானிக்ஸ் படித்தாள். எங்கள் கம்பெனி முதலில் அவளை டைப் அடிக்கத்தான் எடுத்தது. பின்கட்டில் கெட்டுக் கிடந்த செட்டுகளைச் சாப்பாட்டு நேரத்தில் சரிசெய்து, கேட்காமலே மேசையில் வைத்துவிடுவாளாம். நான்கு வருடம் அப்படிச் செய்த பிறகுதான் வெளிவேலை கொடுத்தார்கள்.

அந்த வெளிவேலைதான் இப்போது ஆட்டம் கண்டிருந்தது. தஞ்சோங் பகார் துறைமுகத்தில், கப்பல்களை இழுத்துவரும் ஓர் இழுவைப் படகுக் கம்பெனி. அவர்கள் ரேடியோக்களை உர்சுலாதான் பராமரித்தாள். சனிக்கிழமை மாலையானால் அவற்றில் ஒரே இரைச்சல். படகோட்டி பேசுவது கரையில் கேட்பதில்லை.

எங்கள் மேலாளர் அஹமது கபீர் கெட்டவர் இல்லை. ஆனால் வாடிக்கையாளர் கத்தினால் அவருக்கு வியர்த்துவிடும்.

"நீ கை வச்ச செட்டுதானே கத்துது, உர்சுலா?"

"செட்டுக்குக் கிழமை தெரியுமா, கபீர் நானா? சனிக்கிழமை மட்டும் ஏன் கத்துது?"

"அன்னிக்குக் கப்பல் ஜாஸ்தி. செட்டு சூடாகுது லா."

"வெளியிலிருந்து வருது. நான் காட்டுறேன்."

"நீ காட்டி நான் நம்பினா போதாது. படகுக் கம்பெனி ரேடியோ ரூம்ல ரவூப் இருக்கான்ல, அவன் வாயால 'சரியாயிடுச்சு'ன்னு வரணும். இந்த மாசத்துக்குள்ள வரலைன்னா நீ ஆபீஸ்லயே இரு. டைப் அடிக்கவும் ஆள் வேணும்ல."

அவள் ஸ்பெக்ட்ரம் அனலைசரை எடுத்து பேட்டரி போட ஆரம்பித்தாள்.

1987-இல் அது கம்பெனிக்குப் புதிதாக வந்த பொருள். கையில் எடுத்துப் போகிற கருவி என்று விளம்பரம்; தூக்கினால் தோள் இறங்கிவிடும். காற்றில் போகிற ரேடியோ அலைகளைத் திரையில் மேடு மேடாகக் காட்டும். ஒரு குமிழைத் திருகினால் பிரகாசமான புள்ளி ஒன்று அந்த மேடுகள் மேல் ஊர்ந்து போகும். அதுதான் மார்க்கர். புள்ளி எந்த மேட்டில் நிற்கிறதோ அதன் அலைவரிசையும் வலுவும் எண்ணாக மேலே தெரியும்.

உச்சி மேட்டுக்குப் புள்ளி தானாகத் தாவ ஒரு பொத்தானும் உண்டு. முதல் சனிக்கிழமை நான் அதை அழுத்தப் போனேன்.

"அதைத் தொடாதீங்க சேகர். அது உயரமானவனைத்தான் காட்டும். உயரமா இருக்கிறவனெல்லாம் ஒழுங்கா லைசென்ஸ் வாங்கின ஸ்டேஷன். நம்ம ஆள் குட்டையா இருப்பான்."

படகுகளின் அலைவரிசையில் ஒரு புள்ளியை நிறுத்தினாள். இன்னொரு புள்ளியை, அதை ஒட்டிக் கிடந்த ஒரு சின்ன மேட்டின் மேல் ஏற்றினாள். இரண்டுக்கும் உள்ள இடைவெளி எண்ணாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த எண் குறைந்தது. மேடு மெல்ல மெல்லப் படகுகளின் அலைவரிசைப் பக்கம் நகர்ந்து வந்தது.

"பார்த்தீங்களா? நடக்கிறான். ஒழுங்கான டிரான்ஸ்மிட்டர் ஒரே இடத்துல நிக்கும். இது ஏதோ மலிவான சாமான். சூடேறச் சூடேற இடம் மாறுது."

அந்த மேட்டின் உயரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். உயர்ந்தால் நெருங்குகிறோம், தாழ்ந்தால் விலகுகிறோம். புக்கிட் மேராவில் ஓர் அடுக்குமாடி முன்னால் மேடு கிடுகிடுவென்று ஏறியது. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கால் வைத்தோம். மேடு காணாமல் போனது. அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. சுவர் மறைக்கிறது என்று அவள் நினைத்தாள். பேய் என்று நான் நினைத்தேன், சொல்லவில்லை.

திங்கட்கிழமை பயத்தோடு கடையில் கேட்டதைச் சொன்னேன். "அக்கா, இனிமே நான் வரலை. உங்களை லைசென்ஸ்காரின்னு பேசிக்கிறாங்க."

ஈயம் பற்றவைக்கும் கோலைக் கீழே வைத்தாள். "யாரு சொன்னா? எந்த இடம்னு சொன்னாங்க?"

"புக்கிட் மேரா."

"அட! சுவரும் இல்லை, ஒண்ணும் இல்லை. நம்மளைப் பார்த்ததும் லைசென்ஸுக்குப் பயந்து டிவியை அணைச்சுடறாங்க!" அவள் முகம் பளிச்சென்றது. "டிவி சம்பந்தப்பட்டதுதான் அப்போ. சேகர், நீங்க வர்றீங்க."

அடுத்த சனிக்கிழமை போனேன். இந்த முறை பெட்டி சந்தைக்குக் கொண்டுபோகும் சக்கரப் பைக்குள் இருந்தது, மேலே கீரைக்கட்டு. சின்ன ஆண்டெனா என் குடைக்குள். கீரையை விலக்கி விலக்கித் திரையைப் பார்த்துக்கொண்டே படியேறினாள். மூன்றாம் மாடியில் ஒரு கதவுக்கு முன்னால் மேடு திரையின் உச்சியைத் தொட்டது. வாசலில் பத்திருபது ஜோடிச் செருப்பு.

கதவைத் திறந்தது அல்போன்சம்மாள். ஓஃபிர் சாலை மாதா கோயிலில் உர்சுலாவுக்கு முன்வரிசையில் உட்காருகிறவர். உள்ளே கூடம் நிறையப் பெண்கள். கடலுக்கு அக்கரையில் ஜொகூர்ப் பக்கத்திலிருந்து ஒளிபரப்பாகும் சனிக்கிழமைத் தமிழ்ப் படம் டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. டிவிக்குப் பின்னால் ஒரு சிறு டப்பா.

"அது என்ன ஆன்ட்டி?"

"பூஸ்டர்டி. அது இல்லைன்னா படத்துல பனி கொட்டுது. மருமகன் வாங்கிட்டு வந்தான்." பையிலிருந்து எட்டிப் பார்த்த பெட்டியைக் கண்டதும் அவர் நெஞ்சில் சிலுவை போட்டார். "ஏண்டி, நீதானா அந்த லைசென்ஸ்காரி! நாங்க கட்டியாச்சு. ரசீது காட்டட்டுமா?"

"பின்னே ஏன் அணைச்சீங்க?"

"எதிர் ப்ளோக் வீட்டு ருக்கையா கட்டலை. அவளும் இங்கேதான் உட்கார்ந்திருக்கா."

கூடத்தில் சிரிப்பு. உர்சுலா சிரிக்காமல் விஷயத்தைச் சொன்னாள்: இந்த டப்பா டிவி அலையை வாங்குவதோடு நிற்காமல் தானும் அலையைத் திருப்பி அனுப்புகிறது; கடலில் படகுகளுக்குக் காது கேட்கவில்லை; தன் வேலை இதில்தான் நிற்கிறது. "கொஞ்ச நேரம் அணைக்கணும்."

"இப்பவா? கோர்ட் சீன்டி!"

"எனக்கும் கோர்ட் சீன்தான் ஆன்ட்டி. உங்களுக்கு நல்ல பூஸ்டர் நான் மாட்டித் தர்றேன், அடுத்த சனிக்கிழமைக்குள்ள. இப்போ அணைங்க."

அல்போன்சம்மாள் டிவிக்குப் பின்னால் குனிந்தார். டப்பாவின் பிளக்கைப் பிடுங்கினார். நீதிபதி பனியில் மறைந்தார். எங்கள் பெட்டியின் திரையில் மேடு சரிந்து தரையோடு ஒட்டியது. புள்ளி மட்டும் வெறும் கோட்டில் நின்றது. எனக்கு அது போதும். கபீருக்குப் போதாது; ரவூப் சொல்ல வேண்டும்.

உர்சுலா அந்த வீட்டு டெலிபோனை எடுத்துத் தஞ்சோங் பகார் ரேடியோ அறையின் எண்ணைச் சுழற்றினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்கலையா?" என்றார் ருக்கையா. "அப்போ படத்தைப் போடுங்கம்மா, தீர்ப்பு சொல்லிடுவான்."

"யாரும் பிளக்கைத் தொடக்கூடாது." ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் பிடுங்கிய பிளக்கை இறுக்கிப் பிடித்தாள். "இவ்வளவு நேரம் கேட்காத படகெல்லாம் இப்போ ஒரேயடியாப் பேசும். அதான் ரவூப்புக்குக் கை ஒழியலை. எடுப்பான்."

"எடுக்கலைன்னா?" என்றேன் நான்.

"எடுக்கிற வரைக்கும் நிப்பேன்."

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.