கருவாட்டைத் தின்ற காகங்கள்

அண்ணன் மன்னார்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வரும் வழியில், முகாமொன்றில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். அண்ணி அதற்கு முன்பே, பிள்ளையைப் பெற்ற கையோடு கண்ணை மூடிவிட்டவர். ஆகவே அவர்களின் எட்டு வயது மகள் உடப்புக் கடற்கரையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அழவும் இல்லை, கதைக்கவும் இல்லை. எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. பிள்ளை வளர்த்த பழக்கமும் எனக்கு இல்லை.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து, வாழையிலையில் சோறு வைத்துக் காகத்தைக் கூப்பிட்டேன். அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏன் மாமி காகத்தைக் கூப்பிடுறீங்க?"

அவள் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது. அவசரத்தில், "அப்பாதான் காகமா வந்து சாப்பிடுவார்" என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் சொல்வதுதானே. அதை இவள் இப்படிப் பிடித்துக்கொள்வாள் என்று யார் கண்டது?

எங்களுக்குக் கருவாட்டு வாடி, ஒரு கடற்கரைக் கொட்டில். கரையில் தென்னோலைக் கிடுகு விரித்து நெத்தலியும் சூடை மீனும் காயப்போட்டு, கொழும்பு வியாபாரியின் லொறிக்கு ஏற்றுவது தொழில். சண்டைக் காலம். இருட்டில் கடலுக்குப் போகத் தடை. கடற்படையின் பாஸ் இல்லாமல் வள்ளம் இறங்காது. லொறி சோதனைச் சாவடிகளில் மறிபட்டு, சில கிழமை வராமலே விடும். கிடைக்கிற கொஞ்ச மீனையும் காகம் கொண்டுபோனால் என்ன மிஞ்சும்? பள்ளிக்கூடம் விட்டு வந்தவளின் கையில் ஒரு தடியைக் கொடுத்துக் காவலுக்கு இருத்தினேன்.

உப்புப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் தடி மணலில் கிடக்கிறது. கிடுகு முழுக்கக் காகம். நடுவில் இவள் குந்தியிருக்கிறாள்.

"விரட்டச் சொன்னனெல்லோ?"

"அப்பா சாப்பிடட்டும் மாமி."

அடுத்த நாளும் அதேதான். அதட்டினேன், கெஞ்சினேன். நான் விரட்டப் போனால் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இழுப்பாள். காகங்களுக்கும் விளங்கிவிட்டது. அவள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம் பார்த்துத் தென்னையில் வந்து காத்திருக்கும்.

என் கணவர் ஒரு மாதம் பொறுத்துவிட்டு வெடித்தார்.

"உன்ர அண்ணன் ஒருத்தர்தானே செத்தது? இஞ்ச நூறு பேர் வந்து தின்னுறானுகள்!"

மறுநாள் ஒரு காகத்தைக் கல்லால் அடித்து, காலில் கயிறு கட்டி வாடிக் கம்பத்தில் தொங்கவிட்டார். எல்லா வாடிகளிலும் செய்வதுதான். செத்த காகத்தைக் கண்டால் மற்றவை கிட்ட வராது.

மத்தியானம் வந்தவள் அதன் கீழே வெகுநேரம் நின்றாள்.

"மாமி, இது எங்கட அப்பாவா, வேற ஆற்றயும் அப்பாவா?"

இதற்கு மேல் எனக்கு ஏலாமல் போய்விட்டது. "ஒருத்தற்ற அப்பாவும் இல்லை. அப்பா செத்துப்போனார் பிள்ளை. நான் சொன்னது பொய். அது வெறும் காகம்."

"வெறும் காகமெண்டா ஏன் மாமா கொன்றவர்? அது பசிக்குத்தானே வந்தது?"

கேட்டுவிட்டு அழத் தொடங்கினாள். தகப்பனுக்கு அழவேண்டிய அழுகையையெல்லாம் அன்றைக்குத்தான் அழுதாள். என் மடி நனைந்து போயிற்று. கணவர் காகத்தை அவிழ்த்து, தாழைப் பற்றைக்குப் பக்கத்தில் குழி வெட்டிப் புதைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பழைய வலையொன்றைக் கிழித்துக் கிடுகுகளுக்கு மேலே கட்டினோம். முடிச்சுப் போட்டது அவள். மீன் குடலைத் தண்ணீர் ஓரத்தில் காகங்களுக்கென்று கொட்டினோம். அப்படியும் வலை ஓட்டைக்குள் தலையை விட்டுத் திருடும். "உனக்கு அங்க வச்சிருக்குதெல்லோ!" என்று அவளே தடியோடு துரத்துவாள்.

தொழில் அதனால் நிமிர்ந்துவிடவில்லை. போதாததற்கு, பக்கத்து வாடிக்காரர் காகத்துக்கு நஞ்சு வைக்கப்போகிறார் என்று கேள்விப்பட்டு, என் கணவரே போய்ச் சண்டை பிடித்துவிட்டு வந்தார். லொறி வராத நாட்களில் எங்கள் கருவாட்டைப் பெரிய ரோட்டுக்கு வண்டியில் ஏற்றிப்போகிற ஒரே மனுசன் அந்த வாடிக்காரர்தான்.

"இனி ஆற்ற வண்டியில கொண்டு போறது?" என்று கத்தினேன்.

"தூக்கிக்கொண்டு நடப்பம்" என்றார். பிள்ளை, "ஓம்" என்றாள்.

இந்த இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? லொறி வராத அந்தச் சனிக்கிழமை ஆளுக்கொரு கருவாட்டுச் சாக்கோடு பெரிய ரோட்டுக்கு வெயிலில் நடந்தோம். வழிநெடுக ஏசிக்கொண்டு போனது நான் மட்டும்தான்.