திருப்பிப் போட்ட கட்டில்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். பல ஊர் சுற்றிவிட்டு, அறுபதுகளின் தொடக்கத்தில் பெங்களூர் கன்டோன்மென்ட் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு ஆளாகச் சேர்ந்தேன். அங்கே புதிதாக இ.சி.ஜி. மிஷின் வந்தபோது, கை நடுங்காதவன் என்று சொல்லி என்னை அந்த அறைக்கு மாற்றினார்கள்.

கைகால்களில் தகடு வைத்து ரப்பர் பட்டையால் கட்டுவேன்; நெஞ்சிலும் ஒரு தகட்டை இடம் மாற்றி மாற்றி வைத்து எடுப்பேன். மிஷின் கோடு போட்ட நாடாவை வெட்டி அட்டையில் ஒட்டுவேன். சாயங்காலம் டாக்டர் பார்த்து, அடியில் ஒரு வரி எழுதுவார். காலையில் அந்த வரியையும் கோட்டையும் மாற்றி மாற்றிப் பார்ப்பது என் பழக்கமாயிற்று. இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் இன்ன கோணலுக்கு இன்ன வரி என்று ஒரு வருஷத்தில் பிடிபட்டுவிட்டது. அதைச் சொல்ல ஆளில்லை. வார்டு ஆட்களுக்கு நான் டாக்டர் பக்கம் போய்விட்டவன். டாக்டருக்கு நான் வார்டு ஆள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கைகால்களில் நானே தகடுகளைக் கட்டிக்கொண்டு என் இதயத்தை எடுத்தேன். அட்டையில் ஒட்டி, அடியில் பென்சிலால் 'நார்மல்' என்று நானே எழுதினேன்.

மில் வேலைக்கு எடுக்கும் ஆட்களை எங்களிடம்தான் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். ஒரு நாள் பக்கத்துப் பகுதியான பிரேசர் டவுனிலிருந்து ஒருவர் வந்தார். முப்பது வயதிருக்கும். குளிரில் உடம்பு உதறியது. உதறினால் கோடும் உதறும். கம்பளியைப் போர்த்தினேன்.

"இன்னாண்ணா, இவ்ளோ ஒயர் கட்டற? என் ஒடம்புல கரண்ட் எடுத்து ஊருக்கு லைட்டு போடப்போறியா?"

"பேசாதய்யா. கோடு கெட்டுப்போவும்."

"சரியா எடுண்ணா. இந்த வேல கெடைக்கலன்னா ஊட்டாண்ட போவ முடியாது."

மறுநாள் காலை அட்டையைப் பார்த்தேன். 'இதயக் கோளாறு, மில் வேலைக்குத் தகுதியில்லை' என்ற பொருளில் டாக்டர் எழுதியிருந்தார். முதல் துண்டில் எல்லா அலையும் தலைகீழாகக் கிடந்தது. பெரிய அலை மட்டுமல்ல, அதற்கு முன்னால் வரும் சின்ன மேடும் குழியாக இருந்தது. நோயில் அப்படி நான் பார்த்ததில்லை. இதயமே வலப்பக்கம் இருந்தால் அப்படி வருமாம். ஆனால் நெஞ்சில் எடுத்த துண்டுகள் ஒழுங்காக இருந்தன; அப்படியானால் தப்பு கை ஒயரில்தான்.

நிமிர்ந்து கட்டிலைப் பார்த்தேன். அந்த வாரம் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தவர்கள் கட்டிலைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள்; அதன்பின் நான் எடுத்த ஒரே ஆள் இவர்தான். ஜன்னல் பக்கத்துக் கை வலது கை என்று எனக்குப் பழக்கம். வலக்கை ஒயரை இடக்கையில் கட்டியிருக்கிறேன்.

முன்பு ஒரு முறை இரண்டு நோயாளிகளின் நாடாவை மாற்றி ஒட்டியிருந்தேன். இன்னொரு தப்பு நடந்தால் இந்த அறையில் இடமில்லை என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். பத்து மணிக்கு அந்த ஆள் தகுதிச் சீட்டு வாங்க வந்து வராந்தாவில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்தபின் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. அட்டையோடு டாக்டரிடம் போனேன்.

"சார், இது நோய் இல்ல. நான் கை மாத்திக் கட்டிட்டேன்."

"உனக்கு யாரப்பா கோடு படிக்கச் சொல்லிக்கொடுத்தது?"

"நீங்க எழுதினதப் பாத்துப் பாத்துதான் சார்."

அவர் முதல் துண்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு, "திரும்ப எடு" என்றார்.

எடுத்தேன். அலைகள் நிமிர்ந்து நின்றன. டாக்டர் பழைய வரியை அடித்துவிட்டு, வேலைக்குத் தகுதியுண்டு என்று புதிதாக எழுதினார். என்னைப் பார்க்காமலே, "நாளையிலிருந்து நீ வார்டுக்குப் போ" என்றார்.

சீட்டை வாங்கிக்கொண்டு அந்த ஆள் சொன்னார்: "நேத்தே ஒயுங்கா எடுத்திருக்கக்கூடாதாண்ணா? அரை நாள் போச்சு."

"ஆமா," என்றேன். வேகமாகப் படியிறங்கிப் போனார்.

அதன்பின் பெட்பேன் வண்டியைத் தள்ளிக்கொண்டு தினமும் அந்த அறையைத் தாண்டிப் போனேன். கதவு சாத்தியிருக்கும். உள்ளே நாடா ஓடும் சத்தம் கேட்கும். யாருடைய இதயம், என்ன வரி என்று தெரியாது. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஒரு காலை, யாரிடமும் சொல்லாமல், ஹூப்ளி ரயிலில் ஏறினேன். பென்சிலால் எழுதிய என் அட்டை மட்டும் பெட்டியில் இருந்தது.