அருள்வாக்கு அக்கா

அவனியாபுரத்துல ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியிலதான் அந்த நடிப்பு வகுப்பு. சொல்லிக்குடுத்தவன் என்னைவிடப் பத்து வயசு சின்னவன். முதல் நாளே அவனை எனக்குப் பிடிக்கல. இப்பவும் பிடிக்கல.

நான் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துல கிளார்க். இருபது வருஷமா எங்க மாதா கோயில்ல ஞாயிறு பூசைக்கு பைபிள் வாசகம் வாசிக்கிறவ. மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கும். அந்தத் திமிரோடதான் போனேன். முன்னப்பின்ன பாக்காத ஒரு தாளை நீட்டி, "இதை நடிச்சுக் காட்டுங்கக்கா, ஆடிஷன்ல இப்படித்தான் குடுப்பாங்க"ன்னான். தாளை ரெண்டு கையிலயும் நெஞ்சுக்கு நேரா பிடிச்சு, தலை நிமிராம கணீர்னு வாசிச்சேன். முடிச்சதும், கோயில்ல வாசகம் முடிக்கிற பழக்கத்துல வாய் தானா சொல்லிருச்சு: "ஆண்டவரின் அருள்வாக்கு."

வகுப்பே விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. அவன் தரையிலயே உக்காந்துட்டான், பாவிப்பய. அன்னையிலருந்து எனக்கு அருள்வாக்கு அக்கான்னு பேரு.

ஆனாலும் விடாம போனேன். ஒரே ஒரு படத்துலயாவது என் முகம் வரணும்னு எனக்கு ஆசை. வீட்டுல கூட அதைச் சொன்னதில்ல. ஒரு வரியைக் கண்ணால அள்ளி, தலையைத் தூக்கி, எதிராளி முகத்தைப் பாத்துச் சொல்லணும். விட்ட இடத்துல கட்டைவிரல் இருக்கணும். கரண்ட் பில்லு, கல்யாணப் பத்திரிகைன்னு எதை எதையோ குடுத்துப் பழக்கினான். "வாயத் திறக்குறதுக்கு முன்னாடி, யார்கிட்ட பேசுறோம்னு தாள்ல மேல ஒரு தடவை பாருங்கக்கா"ம்பான். தினமும் இதே பாட்டு. வாசிக்கிறதுக்கு எனக்கே சொல்லித் தர்றானேன்னு பத்திக்கிட்டு வரும்.

நாகமலை புதுக்கோட்டையில ஒரு படத்துக்கு ஆடிஷன். அம்மா வேஷம். தாளை வாங்கிட்டு உள்ள போனா, எதிர் வசனம் வாசிக்க உக்காந்திருக்கது அவன். தாள் நடுவுல 'வெளிய போடா, இந்த வாசலை மிதிக்காத'ன்னு ஒரு வரி கண்ணுல பட்டுச்சு. அம்புட்டுதான். மேல என்ன போட்டிருக்குன்னு பாக்கவே இல்ல. அவன் மூஞ்சிக்கு நேரா, அத்தனை மாசம் சேத்து வச்சதைப் பூராம் கொட்டினேன். ஒரு வார்த்தை தட்டல. அவன் தன்னோட வரியையே விட்டுட்டான்.

டைரக்டர் என் கையிலருந்து தாளை வாங்கிக்கிட்டார். அப்புறம், "நல்லா வாசிக்கிறீங்கம்மா. ஆனா எதிர்ல நிக்கிறது உங்க மகன். நாலு வருஷம் கழிச்சு வீட்டுக்கு வந்திருக்கான். போன்னு சொல்லும்போதே, போயிருவானோன்னு உங்களுக்குப் பதறணும். முதல் வரியிலயே போட்டிருக்கே"ன்னார். அடுத்த ஆளைக் கூப்பிட்டாங்க.

இந்தத் திருமுகம், இந்தக் கடிதம் யாருக்கு எழுதினதுன்னு முதல்ல சொல்லாம, ஒரு ஞாயித்துக்கிழமை கூட நான் வாசகம் ஆரம்பிச்சதில்ல.

அவன் பின்னாலயே வந்தான். "டீ குடிக்கலாமாக்கா?"ன்னான். அன்னைக்கு அவன் அருள்வாக்குன்னு கூப்பிடல, சிரிக்கவும் இல்ல. சிரிச்சிருந்தா ஒரு அறையாவது விட்டுட்டு வந்திருப்பேன்.