மூச்சுப் பை வைதேகி

“கோடாலி தைலமா? கழுவிட்டு வாங்க லா.”

அவரைப் பற்றி எழுத வந்த என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டு வைதேகி மறுபடி மூக்கை உயர்த்தி அறையின் நான்கு மூலைகளையும் மோந்து பார்க்கிறார். நேற்று யாரோ முழங்காலில் தடவிய களிம்பு இன்னும் மிச்சமிருக்கிறதாம். எனக்கு ஒரு வாசமும் தெரியவில்லை. ஜன்னல் இல்லாத அந்த மருத்துவமனை அறையில், காற்று அவருக்குத் திருப்தியான பிறகுதான் முதல் நோயாளிக்கு அழைப்பு. “அக்கா மூக்குகிட்ட போலீஸ் நாய் தோத்துரும்” என்கிறார் பக்கத்து மேசைத் தாதி ஷபானா.

வைதேகிக்கு ஐம்பத்து நான்கு வயது. வீடு செம்பவாங்கில். வேலை, மூச்சு சேகரிப்பது. கதிர்வீச்சு சிகிச்சை பெறுகிறவர்களிடம் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒரு வெள்ளி நிறப் பையில் மூச்சைப் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார். உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று மூச்சை வைத்தே சொல்லிவிட முடியுமா என்பது ஆராய்ச்சி. அது இன்னும் முடிந்தபாடில்லை. வருகிறவர்கள் எல்லாரும் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதுகிறார்கள். “பர்த்டே பலூனா இது? ஊதாதீங்க, விடுங்க. முதல் மூச்சு வாயோடது, எனக்கு வேணாம். அடியில இருக்கறது வரணும்.”

இந்த வேலைக்காக அவர் துறந்தவை நிறைய. திங்கள் முதல் வெள்ளி வரை பூண்டு இல்லை, பவுடர் இல்லை, எல்லாவற்றுக்கும் மேலாகத் தலையில் பூ இல்லை. ஞாயிறு வந்தால் தேக்கா சந்தைப் பூக்கடையில் ஐந்து நாள் பட்டினிக்கும் சேர்த்து நான்கு முழம் மல்லிகை வாங்கிக் கொண்டையே தெரியாமல் சுற்றிக்கொள்கிறார். “வெளக்குமாத்துக்குப் பட்டுக்குஞ்சம்னு என் வீட்டுக்காரர் சொல்வாரு. சொல்லட்டுமே!”

நான் போயிருந்த செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஷங்கர் வந்தார். இருபத்தெட்டு வயது, பட்டுக்கோட்டைக்காரர். ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று குழாய்களை எக்ஸ்ரே மாதிரி படம் எடுப்பவர். முந்தைய நாள் மாலை, அதற்குக் கதிர்வீச்சு தரும் உலோகத் துண்டு தன் பெட்டிக்குள் திரும்பாமல் வெளியே நின்றிருக்கிறது. கதிர்வீச்சைக் காட்டும் மீட்டரில் பேட்டரி செத்திருந்ததால் அது தெரியாமல் பக்கத்திலேயே சில நிமிடங்கள் நின்றுவிட்டார். ரத்தம் எடுத்தாகிவிட்டது, முடிவு வியாழக்கிழமை. மூச்சும் தருவீர்களா என்று மருத்துவமனையில் கேட்டார்கள். வந்துவிட்டார்.

அருகில் போன வைதேகி சட்டென்று நின்றார். “ஏலக்கா.”

“ராத்திரிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலக்கா, சொன்னபடிதான் வந்தேன். பஸ்ஸுல நாலு ஏலக்கா மட்டும் மென்னேன். லேடீஸ் மூஞ்சிக்கு நேரா வாயத் தொறக்கணும்ல, அதான்.”

மரியாதை தெரிந்த பிள்ளை. ஆனால் மூச்சு கெட்டுவிட்டது. ஏலக்காய் எண்ணெய் கருவியில் மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். அது அடங்க ஆறு மணி நேரமாவது ஆகும். சம்பவம் நடந்து ஒரு நாளுக்குள், அதாவது அன்று மாலை ஆறு மணிக்குள், பை நிரம்பியாக வேண்டும். வைதேகி வேலை முடிந்து கிளம்புவது நாலரைக்கு.

“தண்ணி மட்டும் குடிங்க. நானும் இருக்கேன்” என்றார்.

மூன்று மணிக்கு ஷங்கர் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “ஆவணில கல்யாணம் வச்சிருக்காங்கக்கா. புள்ள குட்டி பொறக்கும்ல? இதுல விட்டா தெரிஞ்சிரும்ல?”

“டாக்டர் சொல்வாரு” என்பதுதான் வைதேகி எல்லாருக்கும் சொல்லும் பதில். அன்று அதோடு நிறுத்தவில்லை.

“இந்தப் பை உங்களுக்கு ஒண்ணும் சொல்லாது தம்பி. ரத்தத்த வச்சு டாக்டர்தான் சொல்லணும். இது, பின்னால இந்த மாதிரி மாட்டுறவங்களுக்கு.”

உண்மையைச் சொல்ல வேண்டியதுதான், ஆறு மணிக்கு அப்புறம் சொல்லியிருக்கலாமே! ஷங்கர் எழுந்துவிட்டார். “அப்ப நான் சும்மாவா பட்டினி கெடக்கேன்?” வைதேகி அவரைத் தடுக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. கதவுவரை போய்க் கைப்பிடியைத் திருகியவர் அதை விட்டுவிட்டார்.

“பின்னால மாட்டப்போறதும் என் ரூம்காரனாத்தான் இருப்பான், அவனுக்கும் இதே வேலதான்” என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்தார்.

ஐந்தரைக்குப் பை நிரம்பியது. அதை மூடிச் சீட்டு ஒட்டிய பிறகு வைதேகி ஒரு தாளில் தன் எண்ணை எழுதிக் கொடுத்தார். “வியாழக்கிழம ஒரு போன் அடிங்க. நல்லதோ கெட்டதோ, அடிங்க.”

வியாழன் மாலை அவரோடு பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். அன்று முழுவதும் கைப்பேசியைக் கையிலேயே வைத்திருந்தார். அடித்ததும் எடுத்தார். “ம்... ம்... சரி தம்பி. சாப்டீங்களா? போய் மொதல்ல சாப்பிடுங்க.” அவ்வளவுதான். கைப்பேசியைப் பைக்குள் போட்டார். எனக்குக் கேட்கத் துணிவில்லை. தேக்கா நெருங்கியதும் மணியை அழுத்தி இறங்கி, நேரே பூக்கடைக்குப் போனார்; நானும் பின்னால் போனேன்.

“என்னக்கா, இன்னிக்கு வியாழக்கிழமதானே? நாளைக்கு வேலை இல்லையா?” என்றார் பூக்கார அம்மா.

“காலையில தலைக்குக் குளிச்சாப் போச்சு” என்று சொல்லி, வைதேகி திரும்பி நின்று கொண்டையைக் காட்டினார்.