செல்லுக்குக் கட்டிய காவி

தல்லாகுளம் பக்கத்துத் தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் என் மருமகள் உயிரியல் டீச்சர். தற்காலிகம்தான். பொங்கலுக்கு ஒவ்வொரு டீச்சரும் தன் பாடத்தைப் பள்ளிக்கூட முற்றத்தில் கோலமாகப் போட வேண்டும், அதைப் பார்த்து வேலையை நிரந்தரமாக்குவோம் என்று தாளாளர் அம்மா சொல்லியிருந்தார். பாடம் நடத்துவதைப் பார்த்து முடிவுசெய்ய அவருக்கு ஏது நேரம்.

ஒத்தாசைக்கு நான் போனேன். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் திருவாதவூரில் என் கோலத்தை மிதித்துப் போக நாய்கூட யோசிக்கும்.

மருமகள் விலங்கு செல் போட்டிருந்தாள். பிய்ந்த தோசை மாதிரி ஒரு வட்டம், உள்ளே உருண்டையாக ஒன்று.

"இது என்னத்தா, நடுவுல உக்காராம ஒதுங்கிக் கெடக்கு?"

"உட்கரு அத்தை. செல்லுல எல்லாமே அது சொல்படிதான் நடக்கும்."

"உங்க தாளாளரா?"

"மெதுவாப் பேசுங்க."

அவரை விதை மாதிரி இருந்தது மைட்டோகாண்ட்ரியாவாம். செல்லுக்கு வேண்டிய சக்தியை எல்லாம் அதுதான் ஆக்கிப் போடுமாம்.

"அம்புட்டு வேலையும் பாக்குதா? அப்ப அது தற்காலிகமாத்தான் இருக்கும்."

சிரித்துக்கொண்டே கை கழுவப் போனாள். நல்ல நாளில் காவி கட்டாத கோலத்தை விட்டுவர எனக்கு மனம் வரவில்லை. கணக்கு டீச்சர் கரைத்து வைத்திருந்த காவியில் துணியை நனைத்து, நாலு மூலையும் வைத்துச் சுற்றிலும் பட்டையாக இழுத்தேன்.

திரும்பி வந்தவள் குனிந்து பட்டையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். "என்ன அத்தை பண்ணீங்க? விலங்கு செல்லுக்குச் சுவர் கிடையாது. சுவர் இருந்தா அது தாவர செல்லு. என் வேலை போச்சு."

சிமெண்ட் தரையில் ஊறிய காவி லேசில் போகாது. தாளாளர் அம்மா பக்கத்துக் கோலத்துக்கே வந்துவிட்டார். மருமகள் பச்சைப் பொடியை அள்ளிப் பசுங்கணிகம் என்று பொட்டுகள் வைத்தாள். நீலத்தில் பெரிய தண்ணீர்ப் பை ஒன்று போட்டாள். தாவரத்துக்கு ஆகாததை உள்ளங்கையால் அழித்தாள்.

"என்னம்மா, விலங்கு செல்லுனுதானே பேர் குடுத்தீங்க?"

"பொங்கல் பயிருக்கான நாளாச்சே மேடம். அதான் மாத்திட்டேன்."

தாளாளர் அம்மா தலையாட்டினார். "செல் சுவரை நல்லா பளிச்சுனு காட்டியிருக்கீங்க. ஜூன்ல இருந்து நீங்க நிரந்தரம்." சுவர் எழுப்பிய கொத்தனார் நான், பக்கத்திலேயேதான் நின்றேன். என்னை யாரும் கேட்கவில்லை.

சிம்மக்கல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மருமகள் என் மகனுக்குப் போன் போட்டாள். "என் கோலத்தைப் பாத்துட்டு நிரந்தரம் பண்ணிட்டாங்க."

நான் தொண்டையைச் செருமினேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சரி, எங்க கோலத்தை" என்றாள்.