41217-ஆம் எண் துப்பாக்கி

ஸ்வென்னிங் பியேரெயின் வேலை பன்றிகளின் கழுத்தில் கத்தி இறக்குவது. டென்மார்க்கில் ஃபூன் தீவின் கசாப்பு ஆலையில் இருபத்தாறு வருஷமாக அதே இடம், அதே வீச்சு. ரத்தம் முழங்கைவரை பீய்ச்சி அடித்தாலும் முகம் சுளிக்க மாட்டான். கூட இருப்பவர்கள் அவனைக் கல்நெஞ்சன் என்பார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்!

ஆலையை விட்டால் அவனுக்கு ஒரே பைத்தியம். டென்மார்க் படை அரை நூற்றாண்டு தோளில் சுமந்து, பிறகு கழித்துப் போட்ட 1889-ஆம் வருஷ மாடல் துப்பாக்கிகள். போலீஸ் அனுமதியோடு இருபத்து மூன்று சேர்த்திருந்தான். ஒன்றைக் கையில் கொடுத்தால் போதும். எந்த வருஷம் செய்தது, எந்தப் பாகம் பின்னால் மாற்றியது, ஜெர்மன்காரன் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பி வந்ததா, எல்லாவற்றையும் முத்திரைகளையும் மரத்தையும் தடவியே சொல்லிவிடுவான். ஆனால் முதலில் பார்ப்பது எண்ணை. அவன் தேடியது 41217. சிப்பாயாக இருந்தபோது அவன் கையில் இருந்த துப்பாக்கி. அதன்மேல் அப்படி ஒரு பாசம் என்று துப்பாக்கிச் சங்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

பாசமாவது மண்ணாவது. பயம். அது கிடைத்தால் துண்டு துண்டாக அறுத்து அடுப்பில் போட்டுவிட வேண்டும் என்றுதான் தேடிக்கொண்டிருந்தான். துப்பாக்கியைப் படிக்கத் தெரிந்தவன் எவன் கையிலாவது அது சிக்கினால், நடந்தது வெளியே வந்துவிடும்.

நடந்தது 1943 ஆகஸ்ட் 29, விடியற்காலை. நாட்டை மூன்று வருஷமாகப் பிடித்து வைத்திருந்த ஜெர்மன் படை, டென்மார்க் சிப்பாய்களின் முகாமுக்குள் புகுந்தது. சமையல்கட்டு ஜன்னலில் ஸ்வென்னிங்கும் அவன் நண்பன் ஐனரும். கண்ணாடி உடைந்து காலடியில் கொட்டியது. கதவருகில் நின்ற சமையல்காரனின் தாடை ஒரே குண்டில் பிய்ந்துபோக, அவன் பாத்திரங்களுக்கு நடுவில் விழுந்து கால்களை உதைத்துக்கொண்டே இருந்தான். எங்கோ யாரோ கத்தினார்கள். சரணடையச் சொல்கிறார்கள் என்று ஸ்வென்னிங்கின் காதில் விழுந்தது. யாரும் அப்படிச் சொல்லவில்லை. அவன் பயம்தான் சொன்னது. சரணடையும்போது எதிரிக்குப் பயன்படாதபடி, தோட்டாவைச் சுடவைக்கும் இரும்புத் தண்டான போல்ட்டை உருவி எறிந்துவிட வேண்டும் என்பது சிப்பாய்க்குத் தெரிந்த பாடம். உருவினான், துப்பாக்கியைச் சுவரில் சாய்த்தான், கக்கூஸுக்கு ஓடிக் குழியில் போட்டான்.

திரும்பிச் சமையல்கட்டின் பின்கதவில் வந்து நின்றபோது, கையெறி குண்டில் ஐனரின் துப்பாக்கி நொறுங்கிக் கிடந்தது. ஐனர் சுவரில் சாய்ந்திருந்த ஸ்வென்னிங்கின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு முன்வாசல் பக்கம் திரும்பினான். மூன்று ஜெர்மானியர்கள் துப்பாக்கி முனையில் பயனெட் கத்தியோடு உள்ளே வந்தார்கள். போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஐனரின் விரல்கள் வெறும் காற்றைப் பிடித்தன. மறுபடியும் பிடித்தன. பிறகு குழலைப் பற்றித் திருப்பிப் பிடித்து அடிக்க ஆரம்பித்தான். ஒருவனின் மூக்கு தட்டையானது. மற்ற இருவரும் குத்தினார்கள், அவன் கட்டையால் தடுத்தான். நெடுநேரம் தடுத்தான். ஸ்வென்னிங் கதவை மெல்லச் சாத்திக்கொண்டான்.

நெஞ்சில் ஒரே குண்டு, வலியே தெரிந்திருக்காது என்று ஐனரின் தங்கை குட்ரூனிடம் சொன்னான். இரண்டு வருஷம் கழித்து அவளையே கட்டிக்கொண்டான்.

1972-இல் ஸ்வென்னிங்குக்கு ஐம்பது வயது நிறைந்தது. ஊர் வழக்கப்படி காலையிலேயே முற்றத்தில் பிறந்தநாள் கொடி ஏற்றி, ரொட்டியும் கசப்புச் சாராயமுமாகச் சங்கத்து ஆட்கள் வந்துவிட்டார்கள். தலைவர் ஹோல்கர் பள்ளி வாத்தியார், ஊரறிந்த துப்பாக்கி நிபுணர். சிவப்பு வெள்ளை நாடா கட்டிய நீளப் பொட்டலம் ஒன்றை மேஜைமேல் வைத்தார். மேற்கே யூட்லாந்துப் பக்கம் ஒரு விவசாயியின் கொட்டகையில் அகப்பட்டதாம். எல்லோரும் சேர்ந்து வாங்கியிருந்தார்கள். பிரித்து எண்ணைப் பார்த்ததும் ஸ்வென்னிங்குக்கு முகம் வெளுத்தது. சந்தோஷத்தில் என்று கைதட்டினார்கள்.

ஹோல்கர் கட்டையைத் தடவிக் காட்டினார்.

"இதப் பாருங்க, கழுத்துல விரிசல். பக்கத்துல ஏழு பயனெட் வெட்டு. போல்ட்டு வேற நம்பர், பின்னால போட்டது. சுட முடிஞ்சவன் கட்டையால அடிச்சுக்கிட்டு நிப்பானா? அன்னைக்கு இதுல போல்ட்டே இல்ல. டேய் ஸ்வென்னிங், வெறும் கட்டைய வச்சுக்கிட்டா சண்ட போட்ட? ஒரு வார்த்த சொல்லலியேடா!"

வீரனுக்கு என்று கோப்பைகளைத் தூக்கினார்கள். குட்ரூன் மட்டும் காபிக் கூஜாவைக் கீழே வைத்துவிட்டு, துப்பாக்கியைக் கையில் எடுத்து அந்த வெட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"அன்னைக்கு உன் மேல ஒரு கீறல்கூட இல்லியே," என்றாள்.

ஸ்வென்னிங் துப்பாக்கியை வாங்கக் கை நீட்டினான். அவள் தரவில்லை.

"அண்ணன் உடம்பக் கழுவுனது நான். ரெண்டு கையும் எலும்பு தெரியக் கிழிஞ்சிருந்துச்சு. குண்டுக் காயமே இல்ல. எனக்கு வலிக்கக் கூடாதுன்னுதான் நீ பொய் சொன்னேன்னு நெனச்சேன். அந்தப் பொய்க்காகத்தான் உன்னக் கட்டிக்கிட்டேன். போல்ட்டு எங்க போச்சு?"

"நான்தான் கழட்டிப் போட்டேன்."

அவள் குழலைப் பிடித்து ஓங்கினாள். முதல் அடியில் தோள்பட்டை எலும்பு முறியும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஹோல்கர் தடுக்க எழுந்தார். ஸ்வென்னிங் வேண்டாமென்று நல்ல கையால் அவரைத் தள்ளினான். இரண்டாவது அடியில் காது கிழிந்து, மேஜைவிரிப்பெல்லாம் ரத்தம். அவன் தலையை மறைத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது அடிக்கு ஓங்கியவள் தானாகவே கையை இறக்கிவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்கும் அவளேதான் அழைத்துப் போனாள். எப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்டதும், பரணிலிருந்து விழுந்துவிட்டதாக ஸ்வென்னிங் ஆரம்பித்தான்.

"நான் அடிச்சேன்னு எழுதுங்க டாக்டர்," என்றாள் குட்ரூன். "எதுக்கு அடிச்சேன்னு அவன் சொல்லட்டும்."

சொன்னான். கதவை மெல்லச் சாத்தியதுவரை சொன்னான். அந்தக் கதவைப் பற்றி அவள் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டாள். தையல் போட்டு முடியும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு அவன் கோட்டை அவன் மடியில் வைத்துவிட்டு, பஸ் ஏறித் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.