திராட்சை இலைக்குள் இருந்தது

என்னைப் பெண் பார்க்க வந்த இடம் ஷார்ஜாவில், ரோலாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு துருக்கி உணவகம். வீட்டில் பார்க்க வழியில்லை. நானும் அண்ணனும் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் ஃபிளாட்டில் நாள் தவறாமல் மீன் சமைப்போம். நான் கட்டிக்கொள்ள இருந்தவருடைய பெற்றோர் கோயம்புத்தூர்ப் பக்கம், முட்டைகூடத் தொடாதவர்கள். மீன் வெந்த வீட்டில் தண்ணீர் குடிக்கவும் அவருடைய அம்மா தயங்குவார் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். அப்போது அவருக்கு சவூதியில், அல் கோபாரில் வேலை. லீவு போட்டு வந்திருந்தார். துபாய் அல் குசைஸில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்த பெற்றோரை அவரே அழைத்து வந்தார்.

துருக்கிச் சாப்பாடு என்பது அவருடைய அப்பாவின் ஆசை. ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர். "துருக்கிக்கு நாம எப்பப் போறது? இங்கயே தின்னு பாத்தறலாம்" என்றாராம். இலங்கைப் பெண் என்றதும் முகம் கொடுக்காமல் இருந்த அம்மா, வேறு வழியில்லாமல் கூடவே வந்தார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கூட்டம் வந்து நிறைந்த நேரம். முதலில் சிவப்புப் பருப்பு சூப் வந்தது. இறைச்சி வேகவைத்த தண்ணீர் சேர்க்கவில்லை என்று வெயிட்டரிடம் இரண்டு முறை கேட்டுத்தான் சொல்லியிருந்தேன். எலுமிச்சையைப் பிழிந்து ஒரு வாய் குடித்த அம்மா, "நம்ம பருப்புத் தண்ணியாட்டத்தான் இருக்குது" என்றார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பிறகு செம்புக் குவளையில் நுரை ததும்ப அய்ரான் வந்தது. உப்புப் போட்ட மோர்தான். அப்பா ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

பேச்சை வளர்க்க நினைத்து அண்ணன் வாயைத் திறந்தான்.

"தங்கச்சி நல்லாச் சமைப்பாள். டியூட்டி முடிஞ்சு வந்து ஒவ்வொரு நாளும் ரெண்டு மூண்டு கறி வைப்பாள்."

அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. "தெனமும் கறிங்களா?"

எங்களுக்குக் கத்தரிக்காயும் கறி, பருப்பும் கறி. அவர்களுக்குக் கறி என்றால் ஆட்டிறைச்சி. மகன் அவசரமாகக் குறுக்கிட்டு விளக்கினார். அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் சர்மா வந்தது. திராட்சை இலைக்குள் சோற்றை வைத்து விரல் பருமனுக்குச் சுருட்டியது. ஆலிவ் எண்ணெயில் செய்து ஆறவைத்துப் பரிமாறும் சைவ வகையைத்தான் சொல்லியிருந்தேன். வந்த தட்டில் ஆவி பறந்தது. மேலே தயிர் ஊற்றியிருந்தது. வித்தியாசமாகப் பட்டது, ஆனால் நான் கேட்பதற்குள் அம்மா ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டார். அண்ணனும் ஒன்று எடுத்தான்.

மெல்லத் தொடங்கியவன் நிறுத்திவிட்டு என் பக்கம் சாய்ந்தான்.

"உள்ளுக்குள்ள இறைச்சி கிடக்கு. நீ பேசாம இரு. அவா விழுங்கிட்டா. இனிச் சொல்லி என்ன?"

 சொன்னால் கலியாணப் பேச்சு அங்கேயே முடிந்தது. எதிரே அவர் ஒன்றும் தெரியாமல் தன் அப்பாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அம்மா, "புளிப்பா நல்லாத்தான் இருக்குது" என்று இன்னொன்றுக்குக் கை நீட்டினார். நான் தட்டைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன்.

"வேண்டாம் அன்ரி. அதுக்குள்ள இறைச்சி இருக்கு."

 அம்மா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து கழிவறைக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். "நீ வராத" என்று கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே அவர் திரும்பத் திரும்ப வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. வெளியே மகன் வெயிட்டரிடம் குரலை உயர்த்திக்கொண்டிருந்தார். பக்கத்து மேசைக்கான தட்டு மாறி வந்துவிட்டது என்று அந்தத் துருக்கிக்காரர் கையை நெஞ்சில் வைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். சரியான தட்டைக் கொண்டு வந்து வைத்தார். யாரும் தொடவில்லை.

அம்மா முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கண்கள் சிவந்திருந்தன. என்னைப் பார்க்காமல் அண்ணனைப் பார்த்தார்.

"இவ காதுல என்னமோ சொன்னீங்களே, என்னங்க சொன்னீங்க?"

அண்ணன் பொய் சொல்வான் என்றுதான் நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"சொல்லாத எண்டு சொன்னனான் அம்மா. கலியாணம் நிண்டு போயிடும் எண்டு பயந்திட்டன்."

"உனக்கு அந்தப் பயம் இல்லியா?" கேள்வி என்னிடம் திரும்பியது.

"இருந்தது அன்ரி. இப்பவும் இருக்கு."

 இடுப்புச் சிறுத்த கண்ணாடிக் குவளைகளில் பால் சேர்க்காத தேநீர் வந்தது. என்னென்ன சேர்த்திருக்கிறது என்று வெயிட்டரைக் கேட்கச் சொன்னார் அம்மா. தேயிலையும் தண்ணீரும் மட்டும் என்று தெரிந்த பிறகு சர்க்கரைக் கட்டியைப் போட்டுக் குடித்தார். அப்பா சொல்லியிருந்த குனாஃபாவும் வந்து சேர்ந்தது. சேமியா போன்ற மாவிழைகளுக்கு நடுவில் பாலாடைக்கட்டியை வைத்து முறுகச் சுட்டுப் பாகு ஊற்றிய இனிப்பு. எல்லோரும் அதை வெறித்துக்கொண்டிருந்தோம். "ஆறிப்போச்சுன்னா நல்லாருக்காது" என்று முணுமுணுத்தபடி அப்பா மட்டும் சாப்பிட்டார்.

சம்மதமா இல்லையா என்று தெரியாமலே பிரிந்தோம். பெற்றோர் ஊருக்குத் திரும்பினார்கள். அல் கோபாரிலிருந்து அவர் பேசும்போதெல்லாம், "அம்மா எதுவும் பேசறதில்லை" என்பார். ஆபிசில் ஃபோன் அடித்தால் முதலில் எந்த ஊர் எண் என்று பார்ப்பேன். முடிந்துபோன கதையென்றே மனதைத் தேற்றத் தொடங்கியிருந்தேன்.

ஒரு காலை, பஸ்ஸுக்கு நிற்கும்போது கோயம்புத்தூர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அம்மிணி, நாந்தான். ஒண்ணு கேக்கோணும். எங்கூட்டுல மீனு வெக்க முடியாது. உனக்கு ஆகுமா?"

"உங்கட வீட்டில ஒருநாளும் சமைக்க மாட்டன் அன்ரி. ஆனா என்ட வீட்டில சமைப்பன்."

ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பஸ் வந்து நின்று, போயும்விட்டது.

"செரி. நாங்க வரப்ப எங்களுக்குச் சட்டி பானையத் தனியா வெச்சுரு" என்றார் அவர். "தை மாசத்துல நாள் பாக்கச் சொல்லியிருக்கறேன். உங்கண்ணங்கிட்டயும் சொல்லிப்போடு."